பின் ஷாக்குக்கு வெல்டு வேண்டாம், தம்பி

கேள்வி: அண்ணே, நான் தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். பாம்பன் தெற்குவாடியில் மீன் எடுத்து, ஸ்கூட்டரில் பாலம் தாண்டி உச்சிப்புளிப் பக்கம் ஊர் ஊராகப் போய் விற்கிறேன். 110 சிசி வண்டி, செகண்ட்ஹேண்டில் வாங்கியது. பின்னால் இடது பக்கம் ஒரே ஒரு ஷாக்தான். முன்பு வைத்திருந்தவர் கம்பெனி ஷாக்கைக் கழற்றிவிட்டு, நீளமான வேறு வண்டி ஷாக்கை மாட்டியிருக்கிறார். கீழே சேரவில்லை என்று ஒரு பட்டையும் வைத்து வெல்டு அடித்திருக்கிறார். ஸ்பிரிங்குக்கு நடுவில் ரப்பரும் இருக்கிறது. இப்போது ஆயில் கசிகிறது. ஐஸோடு சேர்த்து 60 கிலோ பெட்டி வைத்தால் பின்பக்கம் அலைகிறது, பாலத்தில் காற்று அடித்தால் பயமாக இருக்கிறது. ஒரு மெக்கானிக், ஆயில் மாற்றி சீல் போட்டுத் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் கேஸ் ஷாக் போடச் சொல்கிறார். இன்னொரு ரப்பர் திணித்தாலே போதும் என்கிறான் என் மச்சான். எது சரி? நானே மாற்ற முடியுமா? இந்த உப்புக் காற்றில் புது ஷாக் போட்டாலும் எத்தனை நாளைக்கு வரும்?

பதில்: தம்பி, நீங்கள் முதலில் பயப்பட வேண்டியது கசிகிற ஆயிலைப் பார்த்து அல்ல, அந்த வெல்டு பட்டையைப் பார்த்துத்தான். ஆயில் போன ஷாக்கோடு மெதுவாக வீடு வந்து சேர்ந்துவிடலாம். பட்டை விட்டுப்போனால் பாடி அப்படியே பின் டயர் மேல் உட்காரும், சக்கரம் மட்கார்டில் சிக்கி நின்றுவிடும். பாலத்து நடுவில், பின்னால் பஸ் வரும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஷாக் மாற்றும் வரை இந்த வண்டியில் பெட்டி ஏற்றாதீர்கள். இரண்டு மூன்று நாள் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசு போனால் போகட்டும்.

மாற்ற வேண்டியது உங்கள் மாடலுக்கும் வருடத்துக்கும் உரிய, கம்பெனி நீளமுள்ள முழுப் புது ஷாக். பழையதற்கு ஆயில், சீல், ரப்பர் எதுவும் வேண்டாம். ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதம் வேறொருவர் வேறொரு யோசனை சொல்வார், நீங்களும் தலையாட்டிவிடுவீர்கள்.

பைக்கில் இன்ஜின் பிரேமில் உட்கார்ந்திருக்கும், பின் சக்கரம் தனியாக ஒரு ஃபோர்க்கில் ஆடும். உங்கள் ஸ்கூட்டரில் அப்படி இல்லை. இன்ஜின், பெல்ட் கேஸ் (பெல்ட் ஓடுகிற அலுமினியக் கூடு), பின் சக்கரம் மூன்றும் சேர்ந்து ஒரே கையாக மேலும் கீழும் ஆடுகின்றன. முன்னால் பிரேமோடு ரப்பர் புஷ் (அதிர்வு வாங்கும் ரப்பர் வளையம்) போட்ட ஒரு ஹேங்கரில் அது தொங்குகிறது. பின்னால் அதைத் தாங்குவது இந்த ஒற்றை ஷாக். ஷாக்கின் கீழ்க் கண், அதாவது போல்ட் நுழையும் வளையம், மாட்டியிருக்கும் இடம் இடது கேசிலேயே வார்த்த ஒரு அலுமினியக் காது. அந்தக் காது உடைந்தால் ஒரு நட்டு போல்ட்டோடு வேலை முடியாது. இடது கேசையே மாற்ற வேண்டும், அதாவது இன்ஜினைப் பிரிக்க வேண்டும். உங்கள் வண்டியின் இன்றைய மதிப்புக்கு அது தாங்காத செலவு.

ஷாக்கின் கண் நேர் கோட்டில் அமுங்கவும் நீளவும் செய்யப்பட்டது. நடுவில் பட்டை வைத்ததும் விசை நேராகப் போகாமல் பக்கவாட்டில் முறுக்குகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த முறுக்கு காதுக்குப் போகிறது, மேலே ராடுக்கும், அதாவது ஷாக்குக்குள் ஏறி இறங்கும் கம்பிக்கும் போகிறது. ராடு ஒரு பக்கமாகத் தேய்ந்தால், ஆயிலை வெளியே விடாமல் தடுக்கும் சீல் ஒரு பக்கமாகக் கிழியும். உங்கள் ஷாக்கில் ஆயில் கசிவதற்கு இதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். போதாக்குறைக்கு, வெல்டு அடித்த இடத்தை ஒட்டிய இரும்பு சூட்டில் தன் குணம் மாறி இருக்கும், பெயின்டும் எரிந்திருக்கும். இந்தக் கடற்கரையில் துரு முதலில் பிடிப்பது அந்த ஓரத்தைத்தான். மேலே வெள்ளி பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் விரிசல் வெளியே தெரியாது.

இப்போது மச்சான் சொன்ன ரப்பருக்கு வருவோம். ஷாக்கில் இரண்டு வேலை இருக்கிறது. சுமையைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங் துள்ளுவதை அடக்குவது உள்ளே இருக்கும் ஆயில். பிஸ்டனில் உள்ள சின்னத் துளைகள் வழியாக ஆயில் நெருக்கியடித்துப் போகும்போது துள்ளலின் வேகம் சூடாக மாறிக் கரைந்துபோகிறது. ஆயில் இல்லாத ஷாக் தொட்டில் ஸ்பிரிங் மாதிரி, ஒரு தட்டுத் தட்டினால் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங் வளையங்களுக்கு நடுவில் ரப்பர் திணித்தால் அந்த வளையங்கள் அமுங்காது. மீதி வளையங்கள் மட்டும் வேலை செய்யும், அதனால் ஸ்பிரிங் கடினமாகும். பெட்டி வைத்தாலும் பின்பக்கம் உட்காரவில்லை, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அடக்குகிற ஆயில் ஏற்கெனவே செத்துப்போயிருக்கிறது. கடினமான ஸ்பிரிங்கைச் செத்த ஷாக்கால் இன்னும் அடக்க முடியாது. உங்கள் வண்டியின் பின்பக்கம் அலைவது அதனால்தான். இன்னொரு ரப்பர் வைத்தால் இன்னும் அதிகமாக அலையும். ரப்பரின் விளிம்பு உரசுகிற இடத்தில் பெயின்ட் போய், அங்கே உப்புத் தண்ணீர் தேங்கி, வளையம் அந்த இடத்திலேயே ஒடியும் என்பதையும் மச்சானிடம் சொல்லுங்கள்.

நீளமான ஷாக்கில் வேறு ஒரு வினை இருக்கிறது. பின்பக்கம் உயர்ந்தால் முன் ஃபோர்க் செங்குத்தாக நிமிர்ந்துகொள்ளும். ஹேண்டில் லேசாகத் தொட்டாலே திரும்பும் நிலைக்கு வந்துவிடும். சந்தில் ஓட்டும்போது சுறுசுறுப்பாக இருக்கிறதே என்று தோன்றும். பாம்பன் சாலைப் பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், இரண்டு பக்கமும் மறைப்பே கிடையாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பக்கவாட்டில் வருகிற அடியை உங்கள் பெட்டி பாய் மாதிரி வாங்கிக்கொள்கிறது. அப்போது ஹேண்டில் நிதானமாக நிற்க வேண்டும், அது நிற்காது. பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும்போது துள்ளலும் சேர்ந்துகொள்கிறது. நீங்கள் பயப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. உங்கள் கை சரியாகத்தான் உணர்ந்திருக்கிறது.

கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டு வாசலிலேயே சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்து நிமிர்த்திப் பிடித்து, பின்பக்கத்தை இரண்டு கையாலும் நன்றாக அமுக்கிச் சட்டென்று விடுங்கள். நல்ல ஷாக் ஒரே மூச்சில் மேலே வந்து நிற்கும். இரண்டு மூன்று முறை ஆடினால் ஆயில் வேலை செய்யவில்லை. பிறகு சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டுங்கள். டொக் டொக் என்று ஆட்டம் தெரிந்தால், அது வீல் பேரிங்கா, இன்ஜின் ஹேங்கர் புஷ்ஷா என்று பார்க்க வேண்டும். சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங். இன்ஜினும் சேர்ந்து ஆடினால் புஷ். இந்த இடத்தில் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். ஹேங்கர் புஷ் போன வண்டியும் பின்பக்கம் அலையும். புது ஷாக் போட்ட பிறகும் அலைகிறதே என்று ஷாக் கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்கள். உங்கள் வண்டியில் பட்டை போட்டு இவ்வளவு நாள் ஓட்டியதால் புஷ்ஷும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டையும் ஒரே கையோடு மாற்றுவது நல்லது.

பின் டயரில் காற்று எவ்வளவு என்றும் பாருங்கள். இந்த ரகத்து ஸ்கூட்டர்களில் தனியாள் போனால் 29, பின்னால் ஆளோ சுமையோ இருந்தால் 36 பிஎஸ்ஐ என்பது வழக்கமான அளவு. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். 60 கிலோ ஏற்றிக்கொண்டு காற்றில்லாத டயரில் போனால் எந்த ஷாக் போட்டாலும் வண்டி நெளியும்.

ஆயில் மாற்றி சீல் போடுகிறேன் என்ற மெக்கானிக்கை நான் குறை சொல்லவில்லை. முன் ஃபோர்க்கில் அந்த வேலையைத் தாராளமாகச் செய்யலாம், பிரித்து மாட்டும்படிதான் அது வருகிறது. பின் ஷாக் அப்படியில்லை. ஃபேக்டரியில் மூடி அமுக்கிவிட்டது. அதைத் திறக்க அறுக்க வேண்டும், திரும்ப மூட வெல்டு வைக்க வேண்டும். கேஸ் ஷாக்காக இருந்தால் உள்ளே அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கும். அதை அறுப்பதும் சூடு காட்டுவதும் ஆளுக்கே ஆபத்து, யாரையும் செய்ய விடாதீர்கள். சாதா ஷாக் என்றே வைத்துக்கொள்வோம். ராடை ஒரு தடவை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பளபளவென்று இருக்க வேண்டிய குரோம் மேல் மிளகு தூவியது போலச் சின்னச் சின்னக் குழிகள் தெரிகின்றனவா? உப்பு அரித்த குழிகள் அவை. புது சீல் போட்டாலும் ராடு மேலும் கீழும் போகும்போது அந்தக் குழிகளின் விளிம்பு சீலின் உதட்டைக் கிழித்துக்கொண்டே இருக்கும். ஆயில் ஒரு மாதத்தில் திரும்பக் கசியும். நம் கடற்கரையில் பின் ஷாக் ரிப்பேர் நிலைக்காமல் போவதற்கு மெக்கானிக்கின் கை காரணமில்லை, இந்தக் குழிகள்தான் காரணம்.

இந்த ஊர்க் காற்று இரும்பைத் தின்னும் என்று நாம் சும்மா சொல்லவில்லை. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், கடல் காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதற்காகவே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தைத் துருவிலிருந்து காப்பாற்ற ஓயாமல் பராமரிக்க வேண்டியிருந்தது. 2025-ல் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், பாலிசிலாக்ஸேன் என்ற தனி ரகப் பெயின்டும் போட்டிருக்கிறார்கள். அத்தனை பெரிய பாலத்துக்கே அவ்வளவு கவனம் என்றால், தினமும் அதன் பக்கத்தில் போய்வரும் உங்கள் வண்டியின் ராடுக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேஸ் ஷாக் விஷயத்துக்கு வருகிறேன். கேஸ் ஷாக் என்றாலே கெட்டது என்று இல்லை. சில ஸ்கூட்டர்களுக்குக் கம்பெனியே கேஸ் ஷாக்தான் கொடுக்கிறது, அந்த வண்டிக்கு அதுதான் சரி. கடையில் சிவப்பும் தங்கமுமாகத் தொங்குகிற, பக்கத்தில் குடுவை வைத்த ஷாக்குகள் வேறு. பலவற்றில் அந்தக் குடுவை அழகுக்கு மட்டும் இருக்கும், உள்ளே எதுவும் இருக்காது. உண்மையான குடுவையாகவே இருந்தாலும், அந்த ஸ்பிரிங் எந்த வண்டியின் எடைக்குச் செய்யப்பட்டது என்று கடைக்காரருக்கும் தெரியாது. நீளம் சேராமல் திரும்பவும் ஒரு பட்டை, திரும்பவும் ஒரு வெல்டு என்றுதான் போய் முடியும். உங்களுக்கு வேண்டியது சுமை தாங்கி, பாலத்தில் அலையாமல் வருகிற வண்டி.

அப்படியானால் என்ன கேட்டு வாங்குவது? ஆர்சி புத்தகத்தை எடுத்துப் போங்கள். மாடல் பெயரை மட்டும் சொன்னால் போதாது, வருடமும் சொல்ல வேண்டும். ஒரே பெயரில் வருகிற வண்டிக்கே நடுவில் ஷாக் மாறியிருக்கும். ஆக்டிவாவில் 2020-ல் வந்த 6ஜிக்குப் பின்னால் மூன்று நிலை வைத்து இறுக்கம் மாற்றும் ஷாக் வருகிறது. பெயர் ஒன்றுதானே என்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்கக் கூடாது. மேல் கண்ணின் நடுவிலிருந்து கீழ்க் கண்ணின் நடு வரை உள்ள நீளம், இரண்டு கண்களிலும் உள்ள புஷ் துளையின் அளவு, புஷ்ஷின் அகலம் மூன்றும் பார்க்க வேண்டும். உங்கள் வண்டியில் இப்போது மாட்டியிருப்பதை அளந்து பயனில்லை, அதுதான் தப்பான ஷாக். அதே மாடல், அதே வருடம், யாரும் கை வைக்காத வண்டி ஒன்று உங்கள் தெருவிலேயே இருக்கும். அதில் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். கம்பெனி பாகம் கிடைக்காவிட்டால் கேப்ரியல், எண்டூரன்ஸ் போன்ற ஷாக் தயாரிப்பாளர்கள் உங்கள் மாடலுக்கென்று பெயர் போட்டு விற்பதை வாங்கலாம். பெட்டியில் மாடல் பெயர் இல்லாமல் எல்லா வண்டிக்கும் சேரும் என்று சொன்னால் வேண்டாம். உங்கள் வண்டியில் ஒரே ஷாக். படிக்கிற வேறு யாருக்காவது டிவிஎஸ் எக்ஸ்எல் போல இரண்டு பக்கமும் ஷாக் இருந்தால், கசிவது ஒன்றாக இருந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பின் சக்கரம் முறுக்கிக்கொண்டுதான் ஓடும்.

நீங்களே மாற்ற முடியுமா என்றால், நல்ல வண்டியாக இருந்தால் முடியும் என்பேன். உங்கள் வண்டியில் கீழ்க் காதை மட்டும் ஒரு அனுபவமுள்ள கை தொடட்டும். காரணம், அலுமினியக் கேசுக்குள் இரும்பு போல்ட் இருக்கிறது, நடுவில் உப்புத் தண்ணீர். இரண்டு உலோகமும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகப் பூத்து, போல்ட்டை அப்படியே பிடித்துக்கொள்ளும். முதல் நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிட வேண்டும். மறுநாள் ரிங் ஸ்பேனரில் கொஞ்சம் இறுக்குகிற பக்கம், கொஞ்சம் கழற்றுகிற பக்கம் என்று மாற்றி மாற்றி அசைத்து எடுக்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் காது போய்விடும். கேஸ் வெல்டிங் நெருப்பைப் பக்கத்தில் கொண்டுவரவே கூடாது, பல ஸ்கூட்டர்களில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது.

நீங்களே செய்வதானால், அல்லது பக்கத்தில் நின்று பார்ப்பதானால், இதைக் கவனியுங்கள். பல ஸ்கூட்டர்களில் சென்டர் ஸ்டாண்ட் இன்ஜினோடு சேர்ந்திருக்கும். ஸ்டாண்டில் நிற்கும்போது பாடியின் எடை முழுக்க ஷாக் மேல்தான். போல்ட்டை உருவியதும் பாடி கீழே இறங்கும், விரல் நடுவில் இருந்தால் நசுங்கும். பின் கைப்பிடியில் கயிறு கட்டி மேலே உத்தரத்தில் இழுத்துக் கட்டுங்கள், அல்லது பிரேமுக்கு அடியில் கட்டை கொடுங்கள். இன்ஜினுக்கு அடியில் கொடுத்துப் பயனில்லை. எடை சரியாக நீங்கினால் போல்ட் கையாலேயே வழுக்கி வரும். மேல் போல்ட் தெரிய டிக்கிப் பெட்டியையும் பக்கத்து பேனலையும் கழற்ற வேண்டியிருக்கும். ஏர் பில்டர் பெட்டி குறுக்கே இருந்தால் அதையும் தளர்த்துங்கள். கழற்றுவதற்கு முன் வாஷர் எது உள்ளே, எது வெளியே என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஷாக் வெளியே வந்ததும் காதை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, டார்ச் அடித்துச் சுற்றிலும் பாருங்கள். முடி போல ஒரு கோடு தெரிந்தாலும் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அலுமினிய வெல்டு வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் சுமை ஏற்றுகிற வண்டிக்கு அதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

புது ஷாக்கை மாட்டும்போது போல்ட்டையும் கம்பெனி போல்ட்டாகவே புதுசாகப் போடுங்கள். துருப்பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் போல்ட் வாங்கிப் போடுகிற பழக்கம் நம் பக்கம் நிறைய. கடையில் கிடைக்கிற சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட், கம்பெனி போடுகிற உயர்ந்த ரக போல்ட் அளவுக்குப் பலம் கிடையாது. அலுமினியத்தோடு சேர்ந்து உப்பில் நின்றால் காதையும் வேகமாக அரித்துவிடும். துரு வராமல் இருக்க போல்ட் தண்டில் தண்ணீர் கழுவாத கிரீஸ் லேசாகத் தடவினால் போதும். மாட்டும்போது இரண்டு போல்ட்டையும் கையளவுக்கு இறுக்கி வைத்து, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, எடை ஏறின பிறகு கடைசி இறுக்கம் கொடுங்கள். தூக்கிய நிலையிலேயே முழுக்க இறுக்கினால் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிய நிலையில் மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது சர்வீஸ் கையேட்டில் இருக்கும், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் ஸ்பேனர்) உள்ள கடையாகப் பாருங்கள். அலுமினியத்தில் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். பின்பக்கம் பழைய உயரத்துக்கு இறங்கியதும் பின் பிரேக் கேபிளைத் திரும்ப செட் பண்ணுங்கள், ஹெட்லைட் எங்கே அடிக்கிறது என்றும் பாருங்கள். விடியுமுன் ஏலத்துக்குப் போகிறவர் நீங்கள், எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கக் கூடாது.

இனி சுமை. புது ஷாக் போட்டு அதே மாதிரி பெட்டியைக் கேரியரின் கடைசியில் கட்டினால் இந்தக் கதை திரும்ப நடக்கும். ஒரு கணக்குச் சொல்கிறேன். உங்கள் வண்டியில் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் ஏறக்குறைய 126 சென்டிமீட்டர். 60 கிலோ பெட்டியின் நடுப்பகுதி பின் அச்சுக்கு 25 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால், பின் சக்கரத்தில் ஏறுவது 60 இல்லை, 72 கிலோ. அந்தக் கூடுதல் 12 கிலோ முன் சக்கரத்திலிருந்து பிடுங்கப்படுகிறது. முன் சக்கரம் லேசானால் காற்றில் ஹேண்டில் பிடிக்காது, பிரேக்கும் பிடிக்காது. அதே எடையில் 25 கிலோவைக் கால் வைக்கிற இடத்தில் வைத்தால், அதில் பாதியை முன் சக்கரம் வாங்கிக்கொள்ளும். மீதி 35 கிலோவைச் சீட்டை ஒட்டி, எவ்வளவு முன்னால் வர முடியுமோ அவ்வளவு முன்னால் கட்டுங்கள். இந்த ரக ஸ்கூட்டருக்கு ஓட்டுபவரையும் சேர்த்து 130-லிருந்து 160 கிலோவுக்குள் ஏதோ ஓர் அளவைத்தான் கையேட்டில் போட்டிருப்பார்கள். நீங்கள் 70 கிலோ என்றால் 60 கிலோ மீனோடு 130 வந்துவிட்டது. சீலா நிறையக் கிடைத்த நாளில் இன்னொரு பெட்டி ஏற்ற மனசு சொல்லும். அன்றைக்கு இரண்டு நடை போய்வாருங்கள்.

உங்கள் ஷாக்கில் நிலை மாற்றும் வசதி இருந்தால், பெட்டியோடு போகும்போது கடைசி நிலையிலும், காலியாகத் திரும்பும்போது முதல் நிலையிலும் வையுங்கள். ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நிலையை ஏற்றினால் உட்காருகிற அளவு குறையும், அவ்வளவுதான். வண்டி தாங்கக்கூடிய எடை ஒரு கிலோகூட ஏறாது.

கடைசிக் கேள்வி, எத்தனை நாளைக்கு வரும்? உங்கள் ஷாக்கை முதலில் தின்பது கடல் காற்று இல்லை, உங்கள் பெட்டியிலிருந்து சொட்டுகிற ஐஸ் தண்ணீர். உப்பும் மீன் நீரும் கலந்து அது நேராக இடது பக்கம் ஒழுகினால், ஷாக் நாள் முழுக்க அதில் ஊறிக்கொண்டே இருக்கும். பெட்டிக்கு அடியில் ஒரு தட்டு வைத்து, அதன் மூலையில் துளை போட்டு, ஹோஸ் குழாய் சொருகி, ஒரு மூடியுள்ள கேனில் விடுங்கள். டயரிலும் பிரேக்கிலும் தண்ணீர் விழக்கூடாது, ரோட்டிலும் ஒழுக விடக்கூடாது, பின்னால் வருகிற பைக்காரர் வழுக்குவார். இதை ஒன்று செய்தாலே ஷாக்கின் ஆயுள் நன்றாகக் கூடும்.

கழுவுவது அடுத்தது. நம் ஊரில் நல்ல தண்ணீர் குடத்துக் கணக்கில்தான் கிடைக்கிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. அதற்காக உவர் கிணற்றுத் தண்ணீரை அடித்துக் கழுவினால் உப்பின் மேல் உப்புதான் ஏறும். முழு வண்டியையும் கழுவ வேண்டாம். வியாபாரம் முடிந்ததும் ஒரு சின்ன வாளி நல்ல தண்ணீரில் துணியை நனைத்து ராடு, ஸ்பிரிங், கீழ்க் காது மூன்றையும் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். ராடில் மட்டும் ரப்பருக்குப் பகையில்லாத சிலிகான் ஸ்பிரே ஒரு பூச்சு, அதையும் துடைத்துவிடுங்கள், ஈரமாக விட்டால் மணல் ஒட்டும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் துப்பாக்கியை சீல் பக்கமும் புஷ் பக்கமும் நேராகப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்புறம், சர்வீஸ் முடிந்ததும் டீசலோ பழைய இன்ஜின் ஆயிலோ அடியில் அடித்துவிடுவார்கள், துரு வராது என்று. வேண்டவே வேண்டாம். ஆயில் பட்டு புஷ் ரப்பர் உப்பி இளகிவிடும், பிரேக் டிரம்முக்குள் போனால் பிரேக்கும் போகும், கச்சான் காற்றில் பறக்கிற மணலெல்லாம் அதில்தான் ஒட்டும்.

இப்படி வைத்துக்கொண்டால் எத்தனை மாதம் வரும் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். மாதம் ஒரு தடவை ராடைப் பாருங்கள், பின்பக்கத்தை அமுக்கி விட்டுப் பாருங்கள். குழி தெரிய ஆரம்பித்தால் அடுத்த ஷாக்குக்குக் காசு ஒதுக்க ஆரம்பியுங்கள். துள்ளல் ஒன்றுக்கு மேல் போனால் மாற்றிவிடுங்கள். புது ஷாக் போட்டு ஒரு வாரம் சுமையோடு ஓட்டிய பிறகு இரண்டு போல்ட்டையும் ஒரு தடவை டார்க் ரெஞ்சில் சரிபார்க்க மறக்காதீர்கள்.

கழற்றிய பழைய ஷாக்கைப் பட்டையோடு யாருக்கும் இரவலாகவோ அரை விலைக்கோ கொடுத்துவிடாதீர்கள். தெற்குவாடியிலேயே அதை வாங்கி மாட்டுகிற இன்னொரு தம்பி இருப்பார். வேறு யார் வண்டிக்கும் போகக் கூடாது என்று சொல்லிப் பழைய இரும்புக் கடையில் போடுங்கள். உள்ளே கேஸ் இருக்கலாம், நெருப்பில் வைக்க வேண்டாம் என்று கடைக்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.